கிழக்கே புகை, மேற்கே பூங்கா

தென் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது தென்மேற்குக் காற்று. கடலிலிருந்து கிளம்பி, வளைகுடாவைக் கடந்து, ஊருக்குள் புகுந்து, டாவே ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கே போகிறது. யார் எங்கே வீடு கட்டிக்கொள்வது, யார் எங்கே புகை குடித்துக் கிடப்பது என்பதை நெடுங்காலம் அந்த ஊரில் முடிவு செய்தது இந்தக் காற்றுதான். பள்ளத்தாக்கில் செம்பு உருக்கும் உலைகள் இருந்தன. புகை போகும் திசையில் தொழிலாளர் தெருக்களும் புல் முளைக்காத கில்வே குன்றும். புகை எட்டாத மேற்கில் முதலாளிகளின் மாளிகைகள், புல்வெளிகள், கடற்காட்சி. அந்த மாளிகைகளில் ஒன்றில்தான் இன்று ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் நடக்கிறது.

மாளிகையின் பெயர் சிங்கிள்டன் அபே. பெயரைக் கேட்டு ஏதோ பழைய கிறிஸ்தவ மடம் என்று நினைத்துவிட வேண்டாம். துறவி எவரும் அங்கே இருந்ததில்லை. கோத்திக் பாணி மோகம் பிடித்தாட்டிய 19-ஆம் நூற்றாண்டில், ஜான் ஹென்றி விவியன் என்ற செம்பு முதலாளி தன் வீட்டை விரித்துக் கட்டி, மடம்போலத் தோற்றம் கொடுத்து, பெயரையும் சூட்டிக்கொண்டார். அந்த வீட்டுக்குப் பணம் வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் அங்கே பிற்பாடு வந்து சேர்ந்த பல்கலைக்கழகத்தின் கதை புரியும்.

ஸ்வான்சியில் செம்புத் தாது கிடையாது. ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. அங்கே இருந்தது நிலக்கரி. அதுவும் ஆற்றங்கரையை ஒட்டியே, அதிக ஆழமில்லாமல். தாது இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், கார்ன்வாலில். அங்கே நிலக்கரி இல்லை. அந்தக் காலத்து முறையில் தாதுவை உருக்க, தாதுவின் எடையைப்போலப் பல மடங்கு கரி எரிக்க வேண்டியிருந்தது. ஆகவே கரியைத் தாதுவிடம் கொண்டுபோவதைவிட, தாதுவைக் கரியிடம் கொண்டுவருவதே லாபம். கப்பல் திரும்பிப் போகும்போதும் காலியாகப் போகவில்லை. கார்ன்வால் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்கும் நீராவி எந்திரங்களுக்கு ஸ்வான்சிக் கரி போயிற்று. போகவும் சரக்கு, வரவும் சரக்கு. வணிகத்தில் இதைவிட என்ன வேண்டும்?

1717-இல் லேண்டோர் பகுதியில் முதல் செம்பு உலை வந்தது. 1737-இல் பிரிஸ்டல் வணிகர்களின் முதலீட்டில் ஆற்றின் கிழக்குக் கரையில் ஒயிட் ராக் ஆலை எழுந்தது. பிறகு வரிசையாக மிடில் பேங்க், அப்பர் பேங்க் என்று ஆலைகள். 1810-இல் கார்ன்வாலிலிருந்து வந்த விவியன் குடும்பம் ஹாஃபோட் ஆலையைத் தொடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே, மதிலை ஒட்டி மோர்ஃபா ஆலை வந்தது. இரண்டும் ஜன்மப் போட்டியாளர்கள். ஆற்றின் இரு கரையிலும் சில கிலோமீட்டருக்குள் இத்தனை உலைகள் நெருங்கிக் கிடந்த இடம் அன்று உலகில் வேறு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சில பத்தாண்டுகள், உலகில் உருக்கிய செம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த உலைகளிலிருந்துதான் வந்தது.

உலை வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தாதுவை முதலில் வறுப்பார்கள். கந்தகம் புகையாகப் போகும். பிறகு உருக்குவார்கள்; கசடு மேலே மிதக்கும், வழித்தெடுத்துக் கொட்டுவார்கள். மறுபடியும் வறுப்பு, மறுபடியும் உருக்கு. இப்படிப் பல சுற்று. கரியும் தாதுவும் ஒன்றையொன்று தொடாமல், தழல் மட்டும் வளைந்த கூரையில் மோதித் தாதுவின் மேல் பாயும்படி உலை கட்டியிருப்பார்கள். ‘வெல்ஷ் முறை’ என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது இதுதான். கடைசிக் கட்டம் சுத்திகரிப்பு. உருகிய செம்பின் மேல் கரித்தூளைப் போட்டு மூடி, ஒரு பச்சை மரக்கழியை உள்ளே அழுத்துவார்கள். மரத்திலிருந்து ஆவி கொப்பளித்துச் செம்பில் கலந்திருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றும். சுத்திகரிப்புக்காரர் சிறு கரண்டியில் ஒரு துளி எடுத்து ஆற வைத்து, சுத்தியலால் தட்டி, பாதி வெட்டி வளைத்து, உடைந்த முகத்தின் நிறத்தையும் இழையையும் பார்ப்பார். பட்டுப்போன்ற இளஞ்சிவப்பு வந்தால் பதம். கழியைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தாலும் கெட்டது, குறைத்தாலும் கெட்டது. கருவி எதுவும் இல்லை. கண்ணும் கையும்தான். இந்தப் பதம் தெரிந்த மனிதருக்கு ஆலையில் முதலாளிக்கு அடுத்த மரியாதை இருந்ததில் வியப்பில்லை. இவர்களைத் தேடித்தான் பின்னாளில் சிலியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆள் வந்தது.

இந்தச் செம்பு எங்கே போயிற்று? பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பக்கத்தில் புழுவும் பாசியும் பிடிக்காமலிருக்கத் தகடாகப் போயிற்று. கரும்புப் பாகு காய்ச்சும் கொப்பரைகளாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் போயிற்று: அங்கே ‘மனில்லா’ என்ற காப்பு வடிவ வளையங்கள் நாணயம்போலச் செல்லுபடியாயின. அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள் அடிமை வணிகர்கள். ஒயிட் ராக் ஆலையின் பழைய வரைபடம் ஒன்றில் ‘மனில்லா வீடு’ என்றே ஒரு கட்டடத்துக்குப் பெயர் போட்டிருக்கிறது. ஒளிக்க வேண்டிய விஷயமாக அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தியாவுக்கும் நிறைய வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பிரிட்டிஷ் செம்பின் பெரிய வாடிக்கையாளர். நம் நாட்டுப் பாத்திரக் கன்னார்களும் நாணயச் சாலைகளும் அதற்குமுன் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ஜப்பான் செம்புக்குப் பழகியிருந்தார்கள். சின்னச் சின்னக் கட்டிகள், மேற்புறம் கருஞ்சிவப்பு. ஆகவே வெல்ஷ் ஆலைகளும் அதேபோல வார்த்தன. வார்ப்பு இறுகியதும் குளிர்ந்த நீரில் போட்டால் மேலே செந்நிறப் படலம் ஏறும். அதற்கு ‘ஜப்பான் செம்பு’ என்றே பெயர் வைத்து இந்தியச் சந்தைக்கு அனுப்பினார்கள். வாங்குபவர் கண்ணுக்குப் பழகிய நிறத்தைக் கொடுப்பதில் இந்த ஆலைக்காரர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

கார்ன்வால் தாது மட்டும் போதாமல் போனபோது, 1830-களிலிருந்து கியூபாவிலிருந்தும் சிலியிலிருந்தும் தாது வரத் தொடங்கியது. தென்னமெரிக்காவின் முனையிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிப் போய்வருவது ஸ்வான்சி மாலுமிகளின் அன்றாடப் பிழைப்பாயிற்று. தாது எடை மிகுந்த சரக்கு. அப்படியே அடித்தட்டில் கொட்டினால் கப்பல் புயலில் பயங்கரமாக ஊசலாடும். அதனால் கப்பலின் நடுவே உயரமான மரத்தொட்டி அமைத்து அதில் தாதுவை ஏற்றினார்கள். கியூபாவின் எல் கோப்ரே சுரங்கத்தில் தாது வெட்டியவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். பிரிட்டன் தன் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் போட்ட பிறகும், பிரிட்டிஷ் முதலீட்டில் நடந்த அந்தச் சுரங்கத்தின் தாது ஸ்வான்சித் துறையில் தடையின்றி இறங்கியது.

1865 செப்டம்பரில் அந்த வழியில் இன்னொன்றும் இறங்கியது. கியூபாவிலிருந்து தாது ஏற்றி வந்த ‘ஹெக்லா’ என்ற கப்பலில் மஞ்சள் காய்ச்சல் இருந்தது. வழியிலேயே மாலுமிகள் இறந்திருந்தார்கள். அந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறான வெயில். தொற்றுக் கொசுக்கள் கப்பலிலிருந்து கரைக்குப் பறந்திருக்க வேண்டும். கொசுதான் காரணம் என்பதை அன்று மருத்துவ உலகமே அறியவில்லை. சில வாரங்களில் துறையைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 15 பேர் இறந்தார்கள். பிரிட்டன் பெருநிலத்தில் மஞ்சள் காய்ச்சல் இப்படிப் பரவியது அந்த ஒரே ஊரில்தான்.

ஆனால் ஊரை அன்றாடம் தின்றது புகை. வறுப்பில் வெளியேறிய கந்தக டை ஆக்சைடு, அதோடு ஆர்செனிக், ஃபுளோரின். புகை படிந்த வயல்களில் பயிர் கருகியது. மாடுகள் மூட்டு வீங்கி, பல் தேய்ந்து, மண்டியிட்டபடி மேய்ந்தன. உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். விவியன் பக்கம் நல்ல வழக்கறிஞர்களும், சாட்சி சொல்ல விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 1833-இல் விவியனுக்கு எதிரான ஒரு பெரிய வழக்கில் நடுவர் குழு ஆலையின் பக்கமே நின்றது. ஊரின் பிழைப்பே உலையில் இருக்கும்போது தீர்ப்பு வேறு எப்படி வரும்?

விவியன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார் என்றும் சொல்வதற்கில்லை. அவர் வெறும் கணக்குப் பார்க்கும் முதலாளி அல்லர். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்லூரியில் படித்தவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். 1821-இல் புகையை அடக்க வழி கண்டுபிடிப்போருக்குப் பரிசு அறிவித்து நிதி திரட்டினார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயையே ஆலோசனைக்கு அழைத்தார் விவியன். புகையை நீளமான குழாய்களில் சுற்றவிட்டு, மழைபோல நீர் பொழியும் அறைகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஓரளவு கரைந்தது, பெரும்பகுதி வெளியேறியது. கந்தகப் புகையைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்கும் முறை ஹாஃபோடுக்கு வந்தது 1860-களில்தான். அதுவும் அமிலத்துக்குச் சந்தை இருந்ததால்தான் நிலைத்தது. இதற்கிடையில் 1854-இல் உள்ளூர் மருத்துவர் தாமஸ் வில்லியம்ஸ், செம்புப் புகையால் மனித உடலுக்குக் கேடில்லை என்று ஓர் அறிக்கையே எழுதினார். புகையின் திசையில் குடியிருந்தவர்களிடம் அதைப் படித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

மேற்கே, புகை வராத பக்கத்தில், அறிவு செழித்தது. 1835-இல் தென் வேல்ஸ் ராயல் நிறுவனம் தொடங்கியது. ஆறு ஆண்டுகளில் அதற்குச் சொந்தக் கட்டடமும் அருங்காட்சியகமும் வந்தன. அந்தக் கட்டடம்தான் இன்றைய ஸ்வான்சி அருங்காட்சியகம். இன்று மின்கார்களைப் பற்றிப் பேசும்போது அடிபடும் எரிபொருள் கலத்தின் தந்தை வில்லியம் ராபர்ட் குரோவ் ஸ்வான்சியில் பிறந்தவர். 1848-இல் பிரிட்டிஷ் அறிவியல் கழகம் தன் ஆண்டுக் கூட்டத்தை இந்த ஊரில் நடத்தியது. இத்தனை இருந்தும் பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை. 1880-களில் தென் வேல்ஸுக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி என்று முடிவானபோது ஸ்வான்சியும் கார்டிஃபும் மல்லுக்கு நின்றன. 1883-இல் கல்லூரி கார்டிஃபில் திறந்தது. இரண்டு ஊருக்கும் இடையே இன்றும் கால்பந்து மைதானத்தில் கேட்கும் பகைக்கு அது மட்டுமே காரணமில்லை என்றாலும், அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்து ஸ்வான்சியின் மிகச் சுவையான மனிதர் யார் என்று கேட்டால் ஏமி டில்வினைச் சொல்லலாம். நாவலாசிரியர். 1892-இல் அவருடைய தந்தை இறந்தபோது விட்டுச் சென்றது ஒரு துத்தநாக ஆலையும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கடனும். வாழ்ந்த ஹென்ட்ரிஃபோயிலன் மாளிகையை விட்டு வெளியேறி வாடகை அறையில் தங்கி, ஆலையைத் தானே நடத்தி, சில ஆண்டுகளில் கடன்காரர்களுக்கெல்லாம் அடைத்து முடித்தார். சுருட்டு பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்து ஊர் வாய் பிளந்தது. அவர் 1935 வரை வாழ்ந்தார். அதற்குள் ஊருக்குக் கல்லூரி வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், செம்பு செழித்த காலத்தில் வராத கல்லூரி, செம்பு போன பிறகு வந்தது. சிலியும் அமெரிக்காவும் தாமே உருக்கக் கற்றுக்கொண்டதும் ஸ்வான்சியின் ஏகபோகம் சரிந்தது. ஊர் தகரத் தகட்டுக்கும், எஃகுக்கும், துத்தநாகத்துக்கும், நிக்கலுக்கும் மாறியது. இந்தத் தொழில்களுக்குக் கண்பதம் போதவில்லை, வேதியியல் வேண்டியிருந்தது. வேல்ஸின் உயர்கல்வியை ஆராய்ந்த ஹால்டேன் ஆணையம் 1918-இல் அறிக்கை தந்த பிறகு வழி திறந்தது. 1920 ஜூலை 19 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அடிக்கல் நாட்டினார். வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நான்காவது கல்லூரி இது. முதல் ஆண்டில் 89 மாணவர்கள், அவர்களில் 8 பேர் பெண்கள். கல்லூரியின் முதல் தலைவர் கில்பர்ட்சன் எஃகுத் தகட்டு ஆலை முதலாளி. முதல் முதல்வர் சிப்லி நிலவியலாளர், அடுத்தவர் எட்வர்ட்ஸ் உலோகவியலாளர். ஊர் எதை எதிர்பார்த்துக் கல்லூரி கேட்டது என்பதற்கு இந்த மூவரே சாட்சி.

1923-இல் நகராட்சி சிங்கிள்டன் மாளிகையைக் கல்லூரிக்குக் கொடுத்தது. ஆக, புகையால் சம்பாதித்தவர் புகை படாமல் வாழக் கட்டிய வீட்டில் உலோகவியல் கல்லூரி குடியேறியது. முன்னே கடற்கரை, பின்னே பூங்கா. பள்ளத்தாக்கிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு கண்ணில் படாது.

உலோகத்தோடு கலைத்துறையும் வந்தது. 1921-இல் நவீன மொழிகளுக்குப் பேராசிரியராக மேரி வில்லியம்ஸ் அமர்ந்தார். பிரிட்டனில் ஒரு பெண் பல்கலைக்கழகப் பேராசிரியர் நாற்காலியில் உட்காருவது அபூர்வமாக இருந்த காலம் அது. வெல்ஷ் துறையில் விரிவுரையாளராக வந்த சாண்டர்ஸ் லூயிஸால் கல்லூரிக்குத் தலைவலியும் வந்தது. வேல்ஸ் தேசியக் கட்சியின் தலைவரான அவர், 1936 செப்டம்பரில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, வட வேல்ஸின் பெனிபெர்த் என்ற இடத்தில் கட்டிக்கொண்டிருந்த விமானப்படைக் குண்டுவீச்சுப் பயிற்சி முகாமுக்குத் தீ வைத்துவிட்டு, தாமாகவே காவல் நிலையத்துக்குப் போய் ஒப்புக்கொண்டார். வேல்ஸில் நடந்த விசாரணையில் நடுவர் குழுவுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. வழக்கை லண்டனுக்கு மாற்றி 1937-இல் ஒன்பது மாதச் சிறை கொடுத்தார்கள். தண்டனை வரும்வரைகூடக் கல்லூரி காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. கல்லூரியின் வரலாற்றில் சட்டென்று கண்ணில் படும் கறை அது. வெல்ஷ் மொழியின் தலைசிறந்த நாடகாசிரியர் என்று அவர் பின்னாளில் கொண்டாடப்பட்டபோது கறை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

1941 பிப்ரவரி 19, 20, 21. தொடர்ந்து மூன்று இரவுகள் ஜெர்மன் விமானங்கள் ஸ்வான்சியின் மீது குண்டு பொழிந்தன. 230 பேர் இறந்தார்கள், 400-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், நகரின் நடுவே 41 ஏக்கர் தரைமட்டம். சந்தை போயிற்று, பெரிய கடைகள் போயின. உள்ளூர்க்காரரான கவிஞர் டிலன் தாமஸ், தான் பழகிய தெருக்கள் இருந்த இடத்தில் வெற்றிடத்தைப் பார்த்த அனுபவத்தை 1947-இல் வானொலிச் சித்திரமாக்கினார். போருக்குப் பின் அவசரமாக எழுப்பிய நகர மையத்தைப் பார்ப்பவர்கள், ஊரை இரண்டாவது முறை இடித்தது யார் என்று கேட்பதுண்டு.

போர்க்காலத்திலும் அதன் பிறகும் கல்லூரிக்கு எதிர்பாராத விருந்தாளிகள் வந்தார்கள். தத்துவத் துறையில் இருந்த ரஷ் ரீஸைப் பார்க்கத் தத்துவஞானி விட்கன்ஸ்டைன் பலமுறை வந்து தங்கினார்; கடலோரம் நடந்தபடி இருவரும் பேசினார்கள். 1949-இல் ஆங்கிலத் துறைக்கு வந்த கிங்ஸ்லி ஏமிஸ், இங்கே இருந்தபடியே எழுதிய ‘லக்கி ஜிம்’ நாவலில் பேராசிரியர் இனத்தையே கிண்டலடித்தார். இதே கல்லூரியில் இயற்பியல் படித்த ஸ்வான்சிப் பையன் எட்வர்ட் போவன், விமானத்தில் பொருத்தும் ரேடாரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1961-இல் பொறியியல் துறைக்கு வந்த சியன்கியேவிச், பாலமானாலும் விமானமானாலும் அதைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறையைப் பற்றி 1967-இல் முதல் பாடநூலை வெளியிட்டார். இன்று உலகில் எந்தப் பொறியாளரும் அந்த முறையைத் தொடாமல் இருக்க முடியாது.

ஆனாலும் இந்தப் பல்கலைக்கழகம் செய்த ஆகச் சிறந்த காரியம் எது என்றால், அது ஊரின் கிழக்கே நடந்தது.

1960-இல் லண்டனிலிருந்து ரயிலில் வந்தவர், லேண்டோர் மேம்பாலத்தில் வண்டி வேகம் குறைந்ததும் சன்னல் வழியே கண்டது, கசடு மலைகளும் கூரையில்லாத ஆலைகளும் ஒரு புல்கூட இல்லாத மண்ணும்தான். ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாம் ஊறிய மண். அதில் விதை போட்டால் வேர் விடாது. ஆலைகளின் சொந்தக்காரர்கள் கைமாறிப் போய்விட்டார்கள். நிலத்துக்குப் பல உரிமையாளர்கள், பொறுப்புக்கு ஒருவரும் இல்லை. 1961-இல், சமூக நிர்வாகத் துறையைச் சேர்ந்த ராபின் ஹியூஸ் ஜோன்ஸின் முயற்சியால், கீழ் ஸ்வான்சிப் பள்ளத்தாக்குத் திட்டம் தொடங்கியது. நஃபீல்ட் அறக்கட்டளையும் அரசும் நகராட்சியும் பணம் கொடுத்தன. சுமார் 1,200 ஏக்கர். தாவரவியலாளர், நிலவியலாளர், புவியியலாளர், பொறியாளர், பொருளாதாரம் படித்தவர் என்று எல்லோரும் ஒரே நிலத்தில் இறங்கினார்கள். மண்ணை அளந்தார்கள், உலோக நஞ்சைத் தாங்கும் புல் எது என்று தேடினார்கள், எந்தக் கசட்டு மேட்டில் எந்த மரம் பிழைக்கும் என்று நட்டுப் பார்த்தார்கள்.

முதலில் நட்ட கன்றுகளைச் சிறுவர்கள் பிடுங்கிப் போட்டார்கள், புல்லுக்குத் தீ வைத்தார்கள். தலைமுறைகளாக யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலத்தில் விளையாடிய பிள்ளைகள் அவர்கள். மரம் அவர்களுக்கு அந்நியம். திட்டக்காரர்கள் வேலி போடவில்லை. பள்ளிக்கூடங்களுக்குப் போய், அந்தப் பிள்ளைகளையே அழைத்து வந்து நட வைத்தார்கள். தான் நட்டதைத் தானே யார் பிடுங்குவார்? இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தத் திட்டத்தை எந்த ஊர் நகராட்சியும் பாடமாகப் படிக்கலாம். கென்னத் ஹில்டன் தொகுத்த அறிக்கை 1967-இல் நூலாக வெளிவந்தது. அறிக்கை எழுதி அலமாரியில் வைப்பதோடு முடியவில்லை. நகராட்சி துண்டு துண்டாக நிலத்தை வாங்கியது, கசடு மலைகளை அகற்றியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. 1981-இல் பிரிட்டனின் முதல் தொழில் ஊக்க மண்டலம் அங்கேயே வந்தது. பள்ளத்தாக்கிலேயே 2005-இல் கால்பந்து மைதானம் திறந்தது. கில்வே குன்று பச்சையாயிற்று.

சுத்தம் செய்த வேகத்தில் ஒரு தவறும் நடந்தது. அவமானச் சின்னம் என்று நினைத்து ஆலைகளை ஏறக்குறைய முழுவதும் இடித்துத் தள்ளினார்கள். ஹாஃபோடில் தகடு உருட்டும் வேலை 1980 வரை நடந்தது. அது மூடிய பிறகு எஞ்சியவை சில எந்திர அறைகளும் ஒரு ஆய்வுக்கூடமும் சில சுவர்களும்தான். 2010-க்குப் பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஹியூ போவன் போன்றவர்களின் முயற்சியில், பல்கலைக்கழகமும் நகராட்சியும் கைகோத்து மிச்சத்தைக் காக்க இறங்கின. பழைய மின்நிலையக் கட்டடத்தில் 2023-இல் ஒரு விஸ்கி வடிசாலை திறந்தது. கம்பெனி செம்பு ஏற்றிய ஆலையில் விஸ்கி என்றால் சிலருக்கு முகம் சுளிக்கலாம். இடிந்து விழுவதைவிட அது மேல்.

மேற்கிலும் ஒரு மீட்பு நடந்தது. தென் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும், சுரங்கத் தொழிலாளர்கள் தம் கூலியில் காசு பிடித்துக் கட்டிய வாசகசாலைகளின் புத்தகங்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தேடிச் சேகரித்து, 1973-இல் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகத்தைப் பல்கலைக்கழகம் அமைத்தது. பிற்பாடு அது குடியேறிய இடம் ஹென்ட்ரிஃபோயிலன், கடனுக்காக ஏமி டில்வின் விட்டுப்போன அதே பழைய வீட்டு வளாகம்.

1969-இல் ஸ்வான்சிக்கு நகர அந்தஸ்து கிடைத்தது. 2007-இல் கல்லூரி வேல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2015-இல், இடம் போதாமல், வளைகுடாவை ஒட்டி இரண்டாவது வளாகம் திறந்தது. இம்முறை ஊருக்குக் கிழக்கே, ஒரு பழைய எண்ணெய் நிறுவனக் கிடங்கு நிலத்தில். பொறியியல் துறை அங்கே போயிற்று. அந்தக் கடற்கரையிலிருந்து பார்த்தால் போர்ட் டால்போட்டின் எஃகு ஆலை தெரியும். 2007 முதல் அது டாட்டாவுடையது. அதன் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது. எஃகுத் தொழிலாளர்களின் அடுத்த பிழைப்பு என்ன என்ற கேள்வி இப்போது அந்த வளைகுடாவில் நிற்கிறது. பள்ளத்தாக்குத் திட்டம் போன்ற ஒன்றை மீண்டும் தொடங்க அங்கே ஆளும் அறிவும் இருக்கின்றன. பணம் கொடுக்க வேண்டியது அரசு.

ஸ்வான்சிக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் ரயிலடியில் இறங்கியதும் நேரே மேற்கே, கடற்கரைக்கும் பூங்காவுக்கும் போய்விடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலடியிலிருந்து வடக்கே திரும்பி ஆற்றோரமாக நடந்து பாருங்கள். அரைமணி நேரத்தில் ஹாஃபோட் ஆலையின் எச்சங்கள் வரும். எதிர்க்கரையில் ஒயிட் ராக். நுழைவுக் கட்டணம் கிடையாது.